அழிந்தாரை நிறுத்தும் ஆடுகளம்

பசித்தவருக்கு உணவு அளித்தல் அறம் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. நோயுற்றவருக்கு மருந்து அளித்தலும் அவ்வாறே. ஆனால், இரவில் படுக்க ஓர் இடமின்றி நடைபாதையில் வாழும் ஒருவரிடம் கால்பந்து ஒன்றைக் கொடுத்து, "வாருங்கள், எங்கள் அணியில் விளையாடுங்கள்" என்று அழைப்பது அறமாகுமா? வீடு கேட்கும் நிலையில் உள்ளவருக்கு விளையாட்டைக் காட்டுவது, அவரது துயரத்தை எள்ளுவது போல் ஆகாதா?

இந்தக் கேள்வி கற்பனையில் எழுந்தது அன்று. உலகின் பல நாடுகளில் வீடற்றோருக்கென்றே கால்பந்து அணிகள் அமைந்துள்ளன. நம் நாட்டில் நாகபுரியிலும், நம் தலைநகராகிய சென்னையிலும் இத்தகைய முயற்சிகள் நடைபெற்றுள்ளன. அவற்றால் பலர் தம் வாழ்வை மீண்டும் கட்டிக்கொண்டனர். எனவே, நம் முன்னோர் வகுத்த தான முறைகளோடு இதனை ஒப்பிட்டு ஆராய்வது பயனுடையதாகும்.

இருவகை வீடிலார்

நம் நூல்கள் அறத்தை இரண்டாகப் பகுத்துக் கூறும். வீட்டில் இருந்து நோற்போர் சாகாரர். வீட்டைத் துறந்து நோற்போர் அனகாரர். 'அகாரம்' என்பது வீடு. அஃது இல்லாதவர் அனகாரர். ஆகவே, நம் முனிவர் அனைவரும் வீடற்றவரே. போளூருக்கும் ஆரணிக்கும் இடையே உள்ள திருமலையில், பதினாறடி உயரச் சிகாமணிநாதரை வணங்கி நிற்கும்போதும், குந்தவை எடுப்பித்த ஜினாலயத்தை அடுத்த குகைகளைக் காணும்போதும், வீடு துறந்தோரின் நினைவு நமக்கு இயல்பாகவே வருகின்றது. அவர்களைக் கைகூப்பி வணங்குகின்றோம்.

அதே நாளில் ஊர் திரும்பும் வழியில், பேருந்து நிலையத்தின் ஓரத்தில் கோணிப்பையை விரித்துப் படுத்திருக்கும் ஒருவரைக் காண்கின்றோம். அவரும் வீடற்றவரே. அவரை நாம் வணங்குவதில்லை. பெரும்பாலும் பார்ப்பதும் இல்லை. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் ஓரத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் முதியோரையும் மனம் பேதலித்தோரையும் கடந்து செல்வோர் எத்தனை ஆயிரம் பேர்! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் 17,72,889 பேர். சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களின் உட்புறம், மேம்பாலத்தின் அடி, படிக்கட்டின் கீழ், கோயில் மண்டபம், இரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் திறந்த வெளியில் வாழ்வோரையே அக்கணக்கெடுப்பு வீடற்றோர் எனக் கொண்டது.

இவ்விருவருக்கும் வேறுபாடு யாது? ஒருவர் விரும்பித் துறந்தார். மற்றவர் விரும்பாமல் இழந்தார் என்பது முதல் விடை. இது சரியான விடையே; எனினும் முழுமையானது அன்று. முனிவருக்கு வீடு இல்லையேனும் சங்கம் உண்டு. முனிவர், ஆரியாங்கனையர், சிராவகர், சிராவகியர் என்னும் நால்வகைச் சங்கத்துள் அவருக்கென்று ஓர் இடம் உள்ளது. அவர் எந்த ஊருக்கு வருகின்றார் என்று மக்கள் எதிர்நோக்குகின்றனர். அவர் ஆகாரம் கொள்ளும் வேளை அவர்களுக்குத் தெரியும். அவர் ஒருநாள் தளர்ந்தால் தாங்குவதற்கு உடன் துறவியர் உள்ளனர். நடைபாதையில் படுத்திருப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் இன்று வந்தாரா என்று கேட்பார் இல்லை. நாளை இல்லாமற்போனால் தேடுவார் இல்லை.

ஆகவே, வீடற்ற நிலையின் கொடுமை கூரையின்மையில் தொடங்கினாலும், அதனோடு முடிவதில்லை. எந்தச் சங்கத்திலும் இடம் இன்மையே அதன் ஆழ்ந்த பகுதி. இதனை மனத்திற் கொண்டால்தான் கால்பந்து அணிகள் செய்த பணியை நாம் விளங்கிக்கொள்ள இயலும்.

கிராஸ் நகரில் தொடங்கியது

இம்முயற்சியின் வேர், வீடற்றோர் தெருவில் விற்கும் இதழ்களில் உள்ளது. 1991இல் இலண்டனில் 'பிக் இஷ்யூ' என்னும் இதழ் தொடங்கப்பெற்றது. வீடற்ற ஒருவர் அவ்விதழைக் குறைந்த விலைக்கு வாங்கி, அட்டையில் அச்சிட்ட விலைக்கு விற்று, மிகுதியைத் தம் ஊதியமாகக் கொள்வார். கையேந்தி நின்றவர் விற்பனையாளர் ஆனார். இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது.

2001ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இத்தகைய தெரு இதழ்களின் பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. அங்கே ஸ்காட்லாந்து நாட்டின் மெல் யங் என்பவரும், ஆஸ்திரியாவின் ஹரால்ட் ஷ்மீட் என்பவரும் உரையாடினர். இதழ் நடத்துவோராகிய நாம் ஆண்டுதோறும் கூடிப் பேசுகின்றோம். இதழை விற்கும் வீடற்றோர் ஒருவரை ஒருவர் சந்திக்க வழியில்லையே என்பது அவர்களது கவலை. மொழி வேறுபாட்டைக் கடந்து அவர்களை ஒன்றுகூட்டுவது எது என்று ஆராய்ந்து, கால்பந்து என்ற முடிவுக்கு வந்தனர். 2003ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், 18 நாடுகளின் அணிகளோடு வீடற்றோர் உலகக் கோப்பை முதன்முறையாக நடைபெற்றது. 2020 முதல் 2022 வரை கொரோனா நோய்த்தொற்றினால் தடைபட்டு, 2023இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவிலும், 2024இல் தென் கொரியாவின் சியோலிலும் மீண்டும் நடைபெற்றது. 2008ஆம் ஆண்டு முதல் மகளிருக்கெனத் தனிக் கோப்பையும் உண்டு.

இப்போட்டியின் விதிகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஆடுகளம் 22 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உடையது. ஓர் அணியில் எட்டுப் பேர்; களத்தில் நிற்போர் நால்வர். ஆட்டம் ஏழு ஏழு நிமிடங்களாகப் பதினான்கு நிமிடம். உடல் தளர்ந்தவர்களும் ஆடக்கூடிய அளவே இது. தாக்கும் அணிக்கு வாய்ப்பு மிகும் வகையில், ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர் ஒருவரை எதிரணியின் பாதியிலேயே நிறுத்தி வைத்தல் வேண்டும். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் தண்ட உதை முறையில் வெற்றி முடிவு செய்யப்படும். ஆயினும் அதில் தோற்றவர்க்கும் ஒரு புள்ளி உண்டு. தொடக்கத்தில் தோற்ற அணிகள் ஊருக்கு அனுப்பப்படுவதில்லை. எல்லா அணிகளும் இறுதி நாள் வரை விளையாடும். தம் தம் ஆற்றலுக்கு ஏற்ற வேறு வேறு கோப்பைகளுக்கு அவை போட்டியிடும்.

மற்றொரு விதி இவை அனைத்தினும் சிறந்தது. ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இப்போட்டியில் பங்கு பெறலாம். எவ்வளவு திறமை வாய்ந்தவராயினும் மறு ஆண்டு அவர் வேறொருவருக்கு இடம் விட வேண்டும். கோப்பைகளைக் குவிப்பது நோக்கமானால் இவ்விதி பொருந்தாது. ஒருவரை எழுப்பி நிறுத்திவிட்டு, அடுத்தவரை எழுப்பச் செல்வதே நோக்கமாதலின் இவ்விதி அமைந்தது.

நாகபுரியும் சென்னையும்

நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் விஜய் பார்சே. 2001ஆம் ஆண்டில் ஒரு மழை நாளில், சேரிச் சிறுவர் சிலர் உடைந்த வாளி ஒன்றைப் பந்தாக்கி உதைத்து ஆடுவதை அவர் கண்டார். அவர்களை அழைத்து ஒழுங்கான ஆட்டத்திற்கு ஏற்பாடு செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே 'ஸ்லம் சாக்கர்' என்னும் அமைப்பு. வீடற்றோர் உலகக் கோப்பைக்கு இந்திய அணியைத் தேர்ந்து அனுப்பும் பணியையும் இவ்வமைப்பு ஏற்றது. 2016இல் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு இதற்கு விருது அளித்துச் சிறப்பித்தது. 2022இல் வெளிவந்த 'ஜுண்ட்' என்னும் இந்தித் திரைப்படம் பார்சே அவர்களின் வாழ்வைத் தழுவியது.

2010இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த வீடற்றோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய இளைஞர், அதற்கு முன் நாகபுரியில் குற்ற வழக்குகளில் சிக்கியிருந்தவர். பின்னர் அவரே சேரிச் சிறுவர்களுக்குப் பயிற்றுநர் ஆனார். ஸ்காட்லாந்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. டேவிட் டியூக் என்பவர் வீடிழந்து விடுதியில் தங்கியிருந்தவர். 2004இல் ஸ்வீடனின் கோட்டன்பர்க் நகரில் ஸ்காட்லாந்து அணிக்காக ஆடினார். 2009இல் வீடற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் பயிற்சி அளிக்கும் கால்பந்து அமைப்பு ஒன்றை அவரே தொடங்கினார். பெற்றவர் கொடுப்பவராக மாறிய இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

சென்னையின் வடபகுதியில், 1995இல் தொடங்கப்பெற்ற 'கருணாலயா' என்னும் அமைப்பு, தெருச் சிறார்களிடையேயும் நடைபாதைக் குடும்பங்களிடையேயும் பணியாற்றி வருகின்றது. தெருச் சிறார்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தொடங்கியது. அம்முதற் போட்டியில் இந்தியச் சிறார் அணியே வெற்றி பெற்றது. 2018இல் மாஸ்கோவில் நடந்த போட்டிக்குக் கருணாலயாவின் சிறுமியர் அணி சென்றது. அடுத்த ஆண்டு, 2019இல், தெருச் சிறார்களுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை இலண்டனில் நடைபெற்றது. கருணாலயாவின் சிறார் இடம்பெற்ற 'இந்தியா தெற்கு' அணி, புகழ்பெற்ற லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணியை வென்று கோப்பையைப் பெற்றது. சென்னை நடைபாதையில் பிறந்து வளர்ந்த சிறுமியரும் சிறுவரும் அந்தப் பசும்புல் தரையில் நின்றனர்.

இச்சிறார் வெளிநாடு செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். நடைபாதையில் பிறந்த குழந்தைக்கு முகவரி ஏது? முகவரி இல்லாதவருக்குக் குடும்ப அட்டை அரிது. வங்கிக் கணக்கு அரிது. பள்ளிச் சேர்க்கையும் இடர்ப்பாடுடையது. ஆட்டத்திற்காக ஒரு சிறுமிக்குச் சான்றிதழ் பெற முயலும்போது, அவளுக்கு அரசின் ஏட்டில் முதன்முறையாகப் பெயர் ஏறுகின்றது. ஆட்டம் முடிந்த பின்னும் அப்பெயர் நிற்கும். 2005ஆம் ஆண்டு வீடற்றோர் உலகக் கோப்பை நியூயார்க் நகரில் நடைபெறுவதாக இருந்து, சில நாட்டவர்க்கு நுழைவுச் சான்று கிடைப்பதில் எழுந்த இடர்ப்பாட்டால் எடின்பரோவுக்கு மாற்றப்பட்டது. தாள் இல்லாதவர்க்கு உலகம் எவ்வளவு இறுக மூடியிருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பந்து என்ன செய்கின்றது?

வீடற்றவருக்கு நாம் வழக்கமாகக் கொடுப்பவை உணவுப் பொட்டலம், பழைய துணி, போர்வை ஆகியவை. இவை வேண்டியவையே. ஆனால் இவற்றைக் கொடுக்கும்போது, அவரது பெயரைக் கேட்க வேண்டிய தேவை நமக்கு எழுவதில்லை. நூறு பொட்டலத்தை நூறு பேருக்கு ஒரு மணி நேரத்தில் வழங்கிவிட்டு வீடு திரும்பலாம். வாங்கியவர் யார் என்று நாமும் அறியோம். கொடுத்தவர் யார் என்று அவரும் அறியார்.

ஓர் அணியில் இது நடவாது. அணியில் சேர்பவரின் பெயரைக் கேட்டே தீரவேண்டும். செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்றால், அவர் அன்று குளித்து, தெளிந்த நிலையில் வரவேண்டும். குடித்திருந்தால் ஆட இயலாது. அவர் வராவிட்டால் நால்வருள் ஒருவர் குறைவர். எனவே மற்ற மூவரும் அவரைத் தேடுவர். ஏன் வரவில்லை என்று கேட்கும்போது காய்ச்சல், காவலரின் தொல்லை, குடும்பத்தின் நினைவு, பழைய போதைப் பழக்கம் என்று உண்மை வெளிப்படும். அந்த உண்மையைப் பற்றிக்கொண்டே மருத்துவமனைக்கும், போதை மறுவாழ்வு இல்லத்திற்கும், வேலைக்கும், இறுதியில் வாடகை அறைக்கும் வழி பிறக்கின்றது. பயிற்றுநரின் பணியில் பந்தைப் பற்றியது சிறு பகுதி; வராதவரைத் தேடுவதே பெரும்பகுதி.

மேலும், பந்து நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்குச் செல்ல வேண்டும். பல ஆண்டுகளாக எவரும் தம்மை நம்பி எதையும் ஒப்படைக்காத ஒருவரிடம், "இதைப் பெற்றுக்கொள், பிறகு எனக்குக் கொடு" என்று கூறுகின்றது ஆட்டம். அவர் பெறுபவராகவும் கொடுப்பவராகவும் ஒரே நிமிடத்தில் ஆகின்றார். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும் கருத்தை நாம் அறிவோம். நாம் மட்டும் கொடுத்து, அவர் என்றும் பெற்றுக்கொண்டே இருந்தால் அவ்வியல்பு நிறைவு பெறாது. அவரும் கொடுக்கும் நிலைக்கு வரவேண்டும். டேவிட் டியூக் அவர்களும், நாகபுரி இளைஞரும் அந்நிலைக்கு வந்தவர்களே.

எழக்கூடிய தடைகள்

இதற்கு மூன்று தடைகள் எழுப்பப்படலாம். அவற்றை எளிதாகத் தள்ளுதல் முறையன்று.

முதலாவது: உணவும் உறையுளும் இல்லாதபோது விளையாட்டு எதற்கு? இத்தடையில் உண்மை உண்டு. விளையாட்டு ஒருபோதும் வீட்டிற்கு ஈடாகாது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்னும் அளவில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகங்கள் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் அரசுகளைப் பணித்தது. அக்கடமையை அரசு நிறைவேற்ற வேண்டும். பந்தைக் காட்டி அக்கடமையை மறைப்போர் உளராயின் அவர்கள் செய்வது வஞ்சனை. எனினும், காப்பகத்தில் இடம் கிடைத்தும் அங்கே நிலைத்துத் தங்காமல் மீண்டும் தெருவுக்கே திரும்புவோர் உண்டு. கூரை கிடைத்தும் உறவு கிடைக்காமையே அவருள் பலரை வெளியேற்றுகின்றது. ஆகவே உணவும் கூரையும் முதலில் வேண்டும். அவற்றை ஏற்று நிலைபெறுவதற்கு ஓர் அணியும் வேண்டும். இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது பொருந்தாது.

இரண்டாவது தடை நம் சமயத்தவர் இயல்பாக எழுப்புவது. வெற்றி தோல்வி உள்ள இடத்தில் கோபமும் செருக்கும் வளரும். அவை கசாயங்கள் அல்லவா? பயனில்லாத செயலிலிருந்து விலகுக என்பது அநர்த்ததண்ட விரதம் அல்லவா? இக்கேள்வி மதிப்பிற்குரியது. பந்தயம் கட்டிச் சூதாடும் ஆட்டத்தையும், எதிரணியினரைப் பகைவராக்கும் ஆட்டத்தையும் நாம் ஏற்க இயலாது. ஆனால் மேலே கண்ட விதிகள், கசாயத்தை வளர்க்காமல் அடக்கப் பழக்குவதற்கே இயற்றப்பட்டவை போல் உள்ளன. தோற்றவர் விலக்கப்படுவதில்லை. வென்றவர் மறு ஆண்டு வருவதில்லை. முறை தவறியவர் இரண்டு நிமிடம் வெளியே அமர்ந்து, சினம் தணிந்து மீண்டும் உள்ளே வருகின்றார். தெருவில் சினம் கொண்டால் அடி கிடைக்கும். அல்லது சிறை கிடைக்கும். இங்கே இரண்டு நிமிடமும், திரும்பி வரும் உரிமையும் கிடைக்கின்றன. பயனைப் பொறுத்தவரை, ஒரு மனிதரை மீட்கும் செயலைப் பயனில்லாதது என்று எவரும் கூறார். பந்து தோலால் ஆயது அன்றோ என்று தயங்குவோர்க்கு ஒரு செய்தி: 1986ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலேயே முழுவதும் செயற்கைப் பொருளால் ஆகிய பந்து வந்துவிட்டது.

மூன்றாவது தடை: ஒருவரை வெளிநாட்டிற்கு அழைத்துச் சென்று, ஒரு வாரம் பாராட்டி, மீண்டும் நடைபாதையில் விடுவது கொடுமை அல்லவா? ஆம், அவ்வாறு விட்டால் கொடுமையே. ஆரவாரம் பெரியதாயின் அதன்பின் வரும் தனிமையும் பெரியது. ஆகவே கோப்பையைக் கொண்டு இம்முயற்சியை அளத்தல் கூடாது. வெளிநாடு செல்வோர் எட்டுப் பேர். தெரு முனையில் வாரந்தோறும் பயிற்சிக்கு வருவோர் நூற்றுக்கணக்கானோர். அந்த வாரப் பயிற்சி தொடர்கின்றதா, வராதவரைத் தேடுகின்றனரா என்பதே சரியான அளவுகோல். அன்னதானத்தையும் விழா நாளின் வரிசை நீளத்தைக் கொண்டு அளக்காமல், விழா முடிந்த மறுநாள் அவ்வரிசையில் நின்றவர் என்ன உண்டார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

அபயமும் அழிந்தாரை நிறுத்தலும்

ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என நம்மவர் நால்வகைத் தானம் போற்றினர். இவற்றுள் முதல் மூன்றையும் இன்றும் எளிதில் செய்கின்றோம். அபய தானத்தை உயிர்களைக் கொல்லாமை என்ற அளவில் மட்டும் பலரும் நிறுத்திக்கொள்கின்றோம். பழங்காலத்தில் அது கண்கூடான ஓர் இடமாகவே இருந்தது. அஞ்சி ஓடிவந்தவர்க்குப் புகலளிக்கும் இடங்கள் சமணக் கோயில்களை அடுத்து இருந்தன என்பதையும், 'அஞ்சினான் புகலிடம்' எனக் கல்வெட்டுகள் அவற்றைக் குறிப்பதையும் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் தம் 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அங்கே புகுந்தவரைக் காத்தனர். இன்றைய நகரத்தில் அஞ்சி வாழ்பவர் யார்? இரவில் எவர் உதைப்பாரோ, எவர் பொருளைப் பறிப்பாரோ என்று கண் மூடாமல் கிடக்கும் நடைபாதை வாழ்நரே. அவர்களுள் பெண்களின் அச்சம் சொல்லும் தரத்தது அன்று.

இனி, நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நோக்குவோம். அவற்றுள் மூன்று இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையவை. பிறர் உடலின் அழுக்கையும் நோயையும் கண்டு அருவருக்காமை உவர்ப்பின்மை. ஒருவர் செய்த தவற்றைத் தூற்றிப் பரப்பாமை அறப்பழி நீக்கல். வழுவியவரைக் கைவிடாது மீண்டும் நிலைநிறுத்துதல் அழிந்தாரை நிறுத்தல். வடநூலார் இதனை ஸ்திதிகரணம் என்பர். இவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாக வாரிசேண முனிவரைக் கூறுவது மரபு. துறவு பூண்டும் மனம் இல்லத்தையே நாடிய தம் நண்பரை அவர் இகழவும் இல்லை. விட்டு விலகவும் இல்லை. உடன் அழைத்துச் சென்று, உண்மையை அவரே உணருமாறு செய்து, மீண்டும் நெறியில் நிறுத்தினார்.

இவ்வுறுப்பு நெறியிலிருந்து வழுவியவரைக் குறித்தே கூறப்பட்டது என்பது உண்மை. ஆயினும் அதன் முறையை நோக்குக. வீழ்ந்தவரைப் பார்த்து 'எழு' என்று தொலைவில் நின்று உபதேசிப்பது அம்முறை அன்று. பணம் கொடுத்து அகல்வதும் அன்று. உடன் நடப்பதே அம்முறை. வாழ்க்கையிலேயே வழுக்கி வீழ்ந்தவருக்கும் இதுவே பொருந்தும். அழுக்கு உடையோடு வந்தவரை அருவருக்காமல் அணியில் சேர்த்தல் உவர்ப்பின்மை. பழைய குற்றங்களைக் கிளறாமல் இன்றைய ஆட்டத்தைப் பார்த்தல் அறப்பழி நீக்கல். வராத நாளில் தேடிச் சென்று அழைத்து வருதல் அழிந்தாரை நிறுத்தல். இம்மூன்று சொற்களையும் அறியாத ஒரு பயிற்றுநர், மழை பெய்த மைதானத்தில் இவற்றைச் செய்துகொண்டிருக்கலாம். அறம் எங்கே நிகழ்ந்தாலும் அதனை அறம் என்று ஏற்பதே நற்காட்சி.

நாம் செய்யத்தக்கவை

எல்லோரும் பந்து உதைக்க இயலாது. வீடற்றோருள் முதியோர் பலர். மனநோய் உற்றோரும் உளர். அவர்க்கு என்ன வழி? சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இருவர், தெருவில் விடப்பட்ட மனநோயுற்ற மகளிருக்காகத் 'தி பான்யன்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். நலம் பெற்றும் திரும்பிச் செல்லக் குடும்பம் இல்லாத மகளிர், சிலர் சிலராகச் சேர்ந்து, ஊர் நடுவே சாதாரண வாடகை வீடுகளில் ஒரு குடும்பம் போல் வாழ்வதற்கு அவ்வமைப்பு வழிசெய்துள்ளது. ஒருவர் சமைப்பார், ஒருவர் கடைக்குச் செல்வார், ஒருவர் கோலமிடுவார். அங்கே பந்து இல்லை. ஆயினும் அதுவும் ஓர் அணியே. ஆகவே நாம் கற்க வேண்டியது ஆட்டத்தை அன்று, அணியை.

நம் ஊர்களில் இதனைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவதாக, அன்னதானம் செய்யும் நாளில், வாங்குபவரின் பெயரைக் கேட்டு அறிவோம். அடுத்த முறை அப்பெயரைச் சொல்லி அழைப்போம். இரண்டாவதாக, பரிமாறும் பணியிலும் பாத்திரம் கழுவும் பணியிலும் அவர்களுள் விரும்புவோரைச் சேர்த்துக்கொள்வோம். அவர்களும் கொடுப்பவர் ஆகட்டும். மூன்றாவதாக, ஆதார், குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க, படித்த நம் இளைஞர்கள் உடன் சென்று உதவட்டும். நான்காவதாக, பள்ளி நடத்துவோரும் மைதானம் உடையோரும், மாலையில் ஒரு மணி நேரம் அதனைத் தெருச் சிறார்களுக்கும் திறந்துவிடலாம். நம் பிள்ளைகளும் அவர்களும் ஒரே அணியில் ஆடட்டும். எதிர் எதிர் அணிகளாகப் பிரித்தால் பயன் குறையும்.

இவற்றுள் எதனைச் செய்யினும், தொடர்ந்து செய்தல் வேண்டும். ஒரு மாதம் நடத்திவிட்டு நிறுத்துவது, புகலளித்துப் பின் கதவடைப்பதற்கு ஒப்பாகும். கைவிடப்பட்டவரை மறுமுறை கைவிடுவதினும் ஒன்றும் செய்யாதிருத்தல் நன்று என்பதை மனத்திற் கொண்டே தொடங்க வேண்டும். இதற்குப் பணத்தைவிட நேரமே மிகுதியாக வேண்டும். நம்மிடம் பணம் கேட்டால் கொடுத்துவிடுகின்றோம். வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது கேட்டால் தயங்குகின்றோம். அத்தயக்கத்தை வெல்வதும் ஒரு நோன்பே ஆகும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வீடற்ற ஒருவருக்குப் பந்தை மட்டும் கொடுத்தால் அஃது எள்ளலே. பந்தோடு, தம்மை எதிர்பார்த்து நிற்கும் மூவரையும் கொடுத்தால் அஃது அபய தானம். வீடு துறந்த முனிவரைச் சங்கம் தாங்குவது போல, வீடு இழந்த மனிதரையும் ஒரு சிறு சங்கம் தாங்குமாயின், அவர் தம் காலால் எழுந்து நிற்பார். அடுத்த முறை திருமலைக்கு வரும் சிராவகக் குடும்பத்தார், சிகாமணிநாதரை வணங்கி இறங்கிய பின், பேருந்து நிலையத்தில் ஒருவரது பெயரையேனும் கேட்டு அறிந்து ஊர் திரும்புவார்களாக.

அறம் வளர்க! அனைத்துயிரும் அஞ்சாது வாழ்க!